மேக்னடிக் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட பழைய பேராக் போஸ்ட்கார்டுகள்: எப்படி எடுப்பது, எப்படிச் சட்டம் போடுவது?

சட்டக்கடை (சுங்கை சிப்புட்) கேட்டது:

வணக்கம். எனக்கு மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் படச்சட்டக் கடை. சாமி படம், கல்யாணப் படம், பட்டம் வாங்கிய படம், காலமானவர் படம் என்று எது வந்தாலும் சட்டம் அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பதுதான் பிழைப்பு. பழைய போஸ்ட்கார்டு இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

போன வாரம் ஓர் அம்மா தடித்த ஆல்பம் ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய அப்பா இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டிரஸ்ஸராக இருந்தவர். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போதாவதுதான் தலைகாட்டுவார். ஊசி போடுவது, மருந்து கலக்குவது, மலேரியா மாத்திரையை வாயில் போட்டு விழுங்கும்வரை நின்று பார்ப்பது, ராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வருவது எல்லாம் டிரஸ்ஸர்தான். அந்த ஐயா வாழ்நாளெல்லாம் சேர்த்த பட போஸ்ட்கார்டுகள் அந்த ஆல்பத்தில் இருக்கின்றன. அம்மாவுக்கு வேண்டியது எளிது. அழகான படங்களாகப் பன்னிரண்டு எடுத்து, ஒரே பெரிய சட்டத்தில், தங்க ஓரம் வைத்து, கிள்ளானில் இருக்கும் தங்கையின் புதுவீட்டுக்குப் பரிசாகத் தர வேண்டும்.

ஆல்பம் எண்பதுகளில் எல்லா வீட்டிலும் இருந்த மேக்னடிக் ரகம். அட்டையில் வரி வரியாகப் பசை, மேலே ஒட்டி மூடும் பிளாஸ்டிக் தாள். பசை இப்போது தேன் நிறமாகி, கார்டுகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பேராக், ஒன்றிரண்டு பினாங்கு. ஈப்போ ரயில் நிலையம், முன்னால் வட்டமாக நிற்கும் பழைய கார்கள். தைப்பிங் ஏரிப் பூங்கா, தண்ணீரைத் தொடும் அளவுக்குக் கிளை நீட்டிய தூங்குமூஞ்சி மரங்கள். கோலகங்சார் உபுடியா பள்ளிவாசல், வண்ணத்தில். குவிமாடம் தங்கம், சரி. வானத்தை ரோஸ் நிறத்தில் அடித்திருக்கிறார்கள், கார் ஒன்றின் சிவப்பு வழிந்து சாலையில் ஓடுகிறது. சாம் போ தோங் குகைக் கோயில். மலைச்சாலை ஓரத்தில் ஓர் அருவி, பாலத்தின் மேல் நிறுத்திய கார், எந்த இடம் என்று எழுதவில்லை. பினாங்குப் பாம்புக் கோயில். அப்புறம் தெலுக் ஆன்சன் சாய்ந்த கோபுரம். இதில் படம் எடுத்தவர் செய்த வேலையைப் பாருங்கள்: கோபுரம் நட்டக்குத்தலாக நிற்கிறது, பக்கத்துக் கடைவீடுகள்தான் சாய்ந்திருக்கின்றன. கேமராவைச் சாய்த்து ஊர் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்.

தோட்டம் என்று பார்த்தால் ஒரே ஒரு கார்டு. பால்மரம் வெட்டும் பெண், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். தலையில் துண்டு, கையில் கத்தி, மரத்தில் பால் வடியும் மங்கு. கறுப்பு வெள்ளை. கீழே பெயர் கிடையாது, ஊர் கிடையாது.

சுங்கை சிப்புட்டுக்கு இந்த ஆல்பத்தில் கார்டே இல்லை. மிக அருகில் வருவது காராய் விக்டோரியா ரயில் பாலம். நம் ஊர் உலகச் செய்தியில் அடிபட்டது 1948 ஜூன் 16-இல், தோட்டத் துரைமார், அதாவது வெள்ளைக்கார மேலாளர்கள், மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியபோது. அதை எவன் போஸ்ட்கார்டாகப் போட்டு விற்பான்?

இப்போது என் சிக்கல். ஒரு மூலையில் பசை காய்ந்து தானே கழன்ற கார்டு ஒன்று இருந்தது. தைப்பிங் ஏரி. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க ஊற்றுப்பேனாவில் பொடிப்பொடித் தமிழ். சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த இன்னொரு டிரஸ்ஸர் எழுதியிருக்கிறார். தொடர்ந்து மழை, மரம் வெட்டு இல்லை, சனங்கள் கையில் காசு இல்லை. அனுப்புவதாகச் சொன்ன மருந்து இன்னும் வரவில்லை. தைப்பூசத்துக்குப் பினாங்கு போகத் துரை லாரி தருவாரா மாட்டாரா என்று கிராணி (தோட்டக் கணக்கர்) இழுத்தடிக்கிறார். முன்பக்கம் ஏரி. பின்பக்கம் தோட்டம்.

அம்மா கேட்கிறார்: "பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்?" அவர் கான்வென்டில் ஆங்கிலம் படித்தவர். தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது.

அதனால் கேட்கிறேன். கார்டு கிழியாமல் எடுக்க என்ன செய்வது? எந்தக் காலத்துக் கார்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி யாராவது சட்டம் போட்டிருக்கிறீர்களா? இன்னொன்று: கடைக்கு வந்த ஒரு பழைய சாமான் வியாபாரி ஆல்பத்தை அப்படியே விலைக்குக் கேட்கிறார். அவர் கேட்ட வேகத்தைப் பார்த்தால் விஷயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. படங்கள் சிலவற்றை இணைத்திருக்கிறேன்.

ஈப்போ பழசு:

முதலில், அந்த வியாபாரியிடம் எதுவும் பேசாதீர்கள். நானும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பொருள் விற்பவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

எடுக்கும் முறை: பல் இடுக்கில் விடும் நூல், டென்டல் ஃபிளாஸ், மெழுகு பூசாதது வாங்குங்கள். பிளாஸ்டிக் தாளை முதலில் மெதுவாக உரியுங்கள். பிறகு நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து, கார்டுக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பதைப் போல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போங்கள். மூலையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தூக்கினால் கார்டின் பின் தாள் இரண்டாக உரிந்து எழுத்து பசையோடு போய்விடும். ஹேர் டிரையர் வைக்கச் சொல்லி நிறைய பேர் வருவார்கள். போட்டோ கார்டுக்குச் சூடு ஆகாது. ஊற்றுப்பேனா மை என்றால் தண்ணீர், சாராயம், தின்னர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. எந்தக் கார்டு வர மறுக்கிறதோ அதைச் சுற்றி ஆல்பம் பக்கத்தையே வெட்டி எடுத்து வையுங்கள். அவசரப்பட ஒன்றும் இல்லை.

வயதுக்கு வருவோம். பூதக்கண்ணாடி எடுத்துப் படத்தைப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சு. புள்ளியே இல்லாமல் நிழல் கலைந்து கலைந்து போனால் அது உண்மையான போட்டோத் தாள். பழைய போட்டோ கார்டைச் சாய்த்துப் பிடித்தால் கறுப்பான இடங்களில், அதுவும் ஓரங்களில், வெள்ளி பூத்த மாதிரி மினுங்கும். உங்கள் பால்மரக் கார்டு அப்படித்தான் இருக்கும் என்று இங்கிருந்தே பந்தயம் கட்டுகிறேன்.

அளவும் உதவும். பழைய கார்டு ஏறக்குறைய 9க்கு 14 சென்டிமீட்டர். பிற்காலத்து வண்ணக் கார்டுகள் 10க்கு 15 பக்கத்தில் வரும். உங்கள் ரோஸ் வானம் பெரும்பாலும் பிந்தியதாக இருக்கும்.

கார்டின் பின்பக்கத்தில் ஓரமாகவோ நடுக்கோட்டிலோ வெளியிட்டவர் பெயர் இருக்கும். நம் நாட்டுப் பழைய கார்டுகளில் சிங்கப்பூர் ஜி.ஆர். லாம்பர்ட், பினாங்கில் கடை வைத்திருந்த ஜெர்மன்காரர் காவுல்ஃபஸ், ஃபெடரல் ரப்பர் ஸ்டாம்ப் கம்பெனி இவையெல்லாம் அடிக்கடி வரும். பினாங்கு எஸ்.எம். மாணிக்கம் என்று ஒரு பெயரும் வரும். நம்மவர் பெயர் அச்சில் இருக்கிறதே என்று அந்தக் கார்டுகளை நான் விற்பதில்லை. வியாபாரிக்கு இது நல்ல குணம் இல்லை, என்ன செய்வது?

விலையைப் பற்றி ஒரே வார்த்தை: பினாங்கு மலை ரயிலும் பாம்புக் கோயிலும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். சின்ன ஊர், வேலை செய்கிற மனிதர்கள், உண்மையான போட்டோ, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சேகரிப்பவர்கள் கைநீட்டுவார்கள். அந்த வியாபாரியின் கண் எந்தக் கார்டில் இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

தபால் பென்ஷன் (தைப்பிங்):

சட்டக்கடைத் தம்பிக்கு வணக்கம். தபால் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். பழசு சொன்னதெல்லாம் சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: படத்தை வைத்து வயது சொல்லாதீர்கள், தபால்தலையை வைத்துச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் ஒரு படத்தை அச்சடித்தால் அது தீரும்வரை விற்பார்கள். தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் பழைய பெயர் போட்ட கார்டு கவுன்டருக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மேக்ஸ்வெல் மலை 1979-இல் புக்கிட் லாருட் ஆனது. அதற்கும் இதே கதை. அதனால் பழைய பெயர் இருந்தால், 'இந்த வருடத்துக்கு முன் அச்சானது' என்று மட்டும் சொல்லலாம். எப்போது அனுப்பினார்கள் என்பது வேறு.

தபால்தலைக்கு ஒரு சுருக்கு வழி. பாய்கிற புலி, ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் என்று இருந்தால் 1901-இல் தொடங்கிய வரிசை. பேராக்கில் 1935-இல் சுல்தான் இஸ்கந்தார் படம் போட்டது வந்து அதன் இடத்தைப் பிடித்தது. சுல்தான் யூசுப் தலை 1950 முதல். 1957 முதல் வந்த வரிசையில் சுல்தான் படத்தோடு ஒவ்வொரு விலைக்கும் ஒரு காட்சி: அன்னாசி, நெல்வயல், மீன்பிடிப் படகு, 10 காசுக்குப் புலி. ஆர்க்கிட் பூ என்றால் 1965, வண்ணத்துப்பூச்சி என்றால் 1971. டிரஸ்ஸர் ஐயா காலம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். முத்திரை தெளிவாக இருந்தால் தேதியே கிடைக்கும், அப்புறம் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம்.

பின்பக்கத்தில் நடுக்கோடு இல்லாத கார்டு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஒரு காலத்தில் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான். செய்தி எழுத வேண்டும் என்றால் படத்தின் ஓரத்திலேயே கிறுக்க வேண்டும். பாதி செய்திக்குப் பாதி முகவரிக்கு என்று பிரித்தது இங்கிலாந்தில் 1902-இல். மற்ற நாடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. நடுக்கோடு இல்லாமல் ஒன்று கிடைத்தால் அது டிரஸ்ஸர் ஐயாவுக்கும் முந்தியது, யாரிடமிருந்தோ அவருக்கு வந்தது.

இன்னொன்று முக்கியம். கார்டுகளைப் பிரிப்பதற்கு முன் ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் எடுத்து வையுங்கள். எது பக்கத்தில் எதை ஒட்டினார் என்பதும் அவர் செய்த வேலைதானே. நான் பார்த்த ஆல்பங்களில் சிலர் ஊர்வாரியாக ஒட்டுவார்கள், சிலர் அனுப்பியவர் வாரியாக. என் யோசனை கேட்டால் ஆல்பத்தைப் பிரிக்கவே வேண்டாம் என்பேன், ஆனால் பசையைக் கேட்டால் அது வேறு சொல்லும்.

எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டேன். அது ஈயம் தோண்டி விட்ட பள்ளம். 1880-இல் பூங்கா ஆக்கினார்கள். கார்டில் பார்க்கிறவர்கள் ஏதோ இயற்கை ஏரி என்று நினைத்துக்கொள்வார்கள். பேராக்கில் அழகான இடம் எது என்று கேட்டால் பாதி இடங்களில் மண்வெட்டியின் வேலை இருக்கும்.

ஈப்போ பழசு:

பென்ஷன் ஐயா, பிரிக்காமல் வைத்தால் இன்னும் கொஞ்ச காலத்தில் பசை கார்டுக்குள் ஊறி எழுத்தையே மஞ்சளாக்கிவிடும். மேக்னடிக் ஆல்பத்துக்கு மரியாதை தேவையில்லை. பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னது நல்ல யோசனை, அதைச் செய்துவிட்டுப் பிரிக்கட்டும்.

தாப்பா ரோடு:

அண்ணே, நீங்கள் ஊர் தெரியவில்லை என்று போட்ட அருவி லாத்தா இஸ்கந்தார். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுகிற பழைய பாதையில் சாலையோரத்திலேயே கொட்டும். காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் சாரல் முகத்தில் அடிக்கும். கார்டில் வலது பக்கம் உள்ள அந்தப் பெரிய வழுக்குப் பாறையில்தான் நாங்கள் குழந்தையாக இருந்தபோது உட்கார்ந்து படம் எடுப்போம். இப்போது அதைச் சுற்றிக் கடைகள் வந்துவிட்டன. அஸ்லி பழங்குடி மக்கள் பெத்தாய்க் காய், காட்டுத்தேன், மூங்கில் சாமான் விற்பார்கள். சிம்பாங் பூலாய் வழி வந்தபிறகு இந்தப் பக்கம் வண்டி குறைந்தது. ஆனாலும் லீவு நாளில் நிறுத்த இடம் கிடைக்காது.

நான் எழுத வந்தது அதற்கில்லை. பால்மரக் கார்டு. என் அம்மா வெட்டுக்காரி, நானும் கல்யாணத்துக்கு முன் வெட்டியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் காலடியில் நிழலைப் பாருங்கள். காலுக்குக் கீழேயே சுருண்டு கிடக்கிறது, உச்சி வெயில். அந்த நேரத்துக்கு எவள் மரம் வெட்டுவாள்? வெட்டு விடிவதற்கு முன்னாலேயே ஆரம்பம், வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். மங்கும் காலியாக, கழுவி வைத்தது போலப் பளபளக்கிறது. சட்டையில் ஒரு சொட்டுப் பால் கறை இல்லை. வெட்டுச் சட்டை அப்படி இருக்கவே இருக்காது, காய்ந்த பால் ஒட்டி முழங்கைப் பக்கம் கறுத்துப் போயிருக்கும். பால் தூக்கி, எடை போட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்தவளைக் கூப்பிட்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வா என்று சொல்லி மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். கத்தி பிடித்திருக்கும் விதம் மட்டும் அசல். அது ஒன்றை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

அந்தக் கார்டை மட்டும் விற்காதீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஷா ஆலம் பேரன்:

கெல்லிஸ் காசில் மாளிகைக் கார்டு எதுவும் இல்லையா? பேராக் என்றால் எல்லோரும் அதைத்தானே முதலில் சொல்கிறார்கள். எல்லா கார்டையும் பின்பக்கத்தோடு ஸ்கேன் செய்து இங்கேயே ஏற்றிவிடலாமே. எழுத்தை வைத்து எந்தத் தோட்டம் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள்.

ஈப்போ பழசு:

பேரா, டிரஸ்ஸர் ஐயா காலத்தில் கெல்லிஸ் காசில் காடு மண்டிக் கிடந்த இடிபாடு. வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்தார், கட்டடம் பாதியில் நின்றது. அதைப் போய் யார் படம் எடுத்து விற்பார்கள்? இன்று கடையில் கிடைப்பதெல்லாம் சீர்படுத்தி டிக்கெட் வைத்த பிறகு வந்தவை. அங்கே போனால் மாளிகையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பாதீர்கள், பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலையும் பாருங்கள். கட்டட வேலைக்கு வந்த நம் ஆட்கள் நோயில் விழுந்தபோது அவர்கள் கேட்டுக் கட்டிக் கொடுத்த கோயில். கூரைமேல் சாமிகளுக்கு நடுவில் வெள்ளைக்கார உடையில் ஓர் உருவம் நிற்கும். துரைதான் அது என்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்குத்தான் முதலில் கார்டு போட்டிருக்க வேண்டும்.

தபால் பென்ஷன் (தைப்பிங்):

சட்டக்கடைத் தம்பி, கோலகங்சார் பக்கம் கார்டு இருக்கிறது என்கிறீர்கள். மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் நிற்கும் பழைய ரப்பர் மரம் எதிலாவது இருக்கிறதா பாருங்கள். லண்டன் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வந்து, 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் மிஞ்சிய மரம். வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளிவாசலையும் அரண்மனையையும் பார்க்க வருகிறவர்கள் இந்த மரத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நம்மில் எத்தனை பேருக்கு மூன்று தலைமுறைச் சாப்பாடு அந்த மரத்தின் வழி வந்தது என்று யோசித்துப் பார்த்தால், ஒரு நிமிடம் வண்டியை நிறுத்தலாம்.

சட்டக்கடை (சுங்கை சிப்புட்):

எல்லோருக்கும் நன்றி. ரப்பர் மரம் ஆல்பத்தில் இல்லை ஐயா. நடுக்கோடு இல்லாத கார்டும் இல்லை.

ஃபிளாஸ் நன்றாக வேலை செய்கிறது. கடை மூடியபிறகு உட்கார்ந்து எடுக்கிறேன். நூல் நடுவுக்கு வரும்வரை ஒன்றும் தெரியாது, பிறகு பசை விட்டுக்கொடுக்கும்போது 'சர்' என்று சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால் கையையும் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கார்டு வளையும். நூலில் பசை உருண்டு உருண்டு வருகிறது, அடிக்கடி புது நூல் மாற்ற வேண்டியிருக்கிறது. பல்லுக்கு வாங்கியதைவிட இதற்கு வாங்கியது அதிகம் என்று மருந்துக்கடைப் பெண் சிரிக்கிறாள். உபுடியா பள்ளிவாசல் மட்டும் வர மறுக்கிறது. பழசு சொன்னபடி பக்கத்தோடு வெட்டி வைத்துவிட்டேன்.

பால்மரக் கார்டு போட்டோத் தாள்தான், ஓரத்தில் வெள்ளி மினுங்குகிறது. பின்பக்கம் வெறுமை. தாப்பா அக்கா சொன்ன நிழலை நான் கவனிக்கவே இல்லை. இப்போது அந்தக் கார்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண் எரிச்சலோடு நிற்கிற மாதிரியே தெரிகிறது.

தெலுக் ஆன்சன் கார்டில் வண்ணத்துப்பூச்சித் தபால்தலை. ஆக 1971-இலோ அதற்குப் பிறகோ அனுப்பியது. அந்தக் கோபுரம் 1885-இல் ஒரு சீனக் கட்டடக்காரர் கட்டியது, வெளியே எண்ணினால் எட்டு மாடி, உள்ளே மூன்றுதான், தண்ணீர்த் தொட்டி வைக்கத்தான் கட்டினார்கள் என்று கார்டு எழுதிய ஆளே விவரமாக எழுதியிருக்கிறார். டிரஸ்ஸர்கள் எல்லோரும் கொஞ்சம் வாத்தியார்கள்தான்.

சரி, பின்பக்கங்களுக்கு வருகிறேன். அந்தச் சித்தியவான்காரர் எழுதிய கார்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். மழை, மாத்திரை, மாற்றல், புதுத் துரை, யாருக்குப் பிள்ளை பிறந்தது எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கார்டின் கடைசி வரியும் குடையைப் பற்றி. நீர் வந்து போனபோது எடுத்துப் போன என் குடையை அனுப்பவும். அடுத்த கார்டில், குடை நினைவிருக்கும் என நம்புகிறேன். ஈப்போ ஸ்டேஷன் கார்டில், இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். பாம்புக் கோயில் கார்டில் எழுத இடம் இல்லாமல் போய், முகவரிக்கு மேல் ஒரு குடைப்படம் மட்டும் போட்டு அனுப்பியிருக்கிறார்.

அம்மாவைக் கடைக்கு வரச்சொல்லி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். முதலில் பொறுமையில்லாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது குடைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர், குடைப்படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். வளைந்த மரப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை ஒன்று வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், அதை எடுத்தால் அப்பா திட்டுவார் என்றார். யாருடையது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உடனே தங்கைக்கு போன் போட்டுக் கடையிலிருந்தே கத்திப் பேசினார். நான் கண்ணாடி வெட்டப் போய்விட்டேன்.

இப்போது இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்று அவரே கேட்கிறார். நான் யோசித்த வழி: இரண்டு மவுன்ட் போர்டில் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) ஒரே இடத்தில் ஜன்னல் வெட்டி முதுகோடு முதுகாகச் சேர்ப்பது, கார்டை நடுவில் மூலைப் பை போட்டு நிறுத்துவது, இரண்டு பக்கமும் கண்ணாடி. சுவரில் ஒரு பக்கம் கீல் அடித்து, ஜன்னல் கதவு மாதிரி திறந்து பின்னால் பார்க்கலாம். தங்க ஓரம் உண்டு. அதில் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

பேரனுக்கு: ஸ்கேன் எடுத்துவிட்டேன், ஆனால் ஏற்ற மாட்டேன் தம்பி. நோயாளிகள் பெயர், யார் வீட்டில் என்ன சண்டை என்றெல்லாம் எழுதியிருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இன்னும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. அது அந்த அக்காள் தங்கை முடிவு செய்ய வேண்டியது.

ஈப்போ பழசு:

வேலை நன்றாக இருக்கிறது. இரண்டு விஷயம். கண்ணாடி கார்டைத் தொடக்கூடாது, நம் ஊர் ஈரத்துக்குப் போட்டோத் தாள் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மவுன்ட் போர்டு தடிப்பாக, அமிலம் இல்லாததாகப் போடுங்கள். இரண்டாவது, கிள்ளான் வீட்டில் எந்தச் சுவர் என்று கேளுங்கள். வெயில் படும் சுவர் என்றால் ஊற்றுப்பேனா மை சில வருடத்தில் வெளுத்துவிடும். நானாக இருந்தால் ஸ்கேனை நல்ல தாளில் இரண்டு பக்கமும் அச்செடுத்து அதைச் சட்டத்தில் போட்டுவிட்டு, அசலைத் தபால்தலைக் கடையில் கிடைக்கும் பாலிபுரோப்பிலீன் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் வைப்பேன். பிவிசி உறை வேண்டாம், வியர்த்து ஒட்டும். அந்துருண்டையும் வேண்டாம். லேமினேட் என்று யாராவது வாயைத் திறந்தால் கடையை விட்டு வெளியே அனுப்புங்கள்.

சட்டக்கடை (சுங்கை சிப்புட்):

மேற்குப் பார்த்த சுவராம். அப்படியானால் சட்டத்தில் அச்சுதான். அம்மாவிடம் சொன்னேன், ஒத்துக்கொண்டார். அசல் யாரிடம் இருப்பது என்று அக்காவுக்கும் தங்கைக்கும் இப்போது பேச்சுவார்த்தை நடக்கிறது. மற்றதெல்லாம் பாதிப் பாதி, குடைக் கார்டுகளை மட்டும் இரண்டு பேரும் விட மாட்டேன் என்கிறார்கள். வியாபாரி மறுபடி வந்தார், விற்பனைக்கில்லை என்று சொல்லியாயிற்று.

கடைசியாக ஒன்று. இவை எல்லாம் சுங்கை சிப்புட்டுக்கு வந்த கார்டுகள். டிரஸ்ஸர் ஐயா பதிலுக்கு அனுப்பியவை சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் எங்காவது ஒரு வீட்டில் கிடக்கலாம். குடைக்கு என்ன சாக்குச் சொன்னார் என்று தெரிந்துகொள்ள அம்மாவுக்கு ரொம்ப ஆசை. அந்தப் பக்கம் பழைய டிரஸ்ஸர் குடும்பம் யாருக்காவது தெரியுமா? பெயரை இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.

தாப்பா ரோடு:

என் நாத்தனார் ஆயர் தாவாரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் மாமனார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், டிரஸ்ஸரா வார்டு ஆளா என்று கேட்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பரணில் பிஸ்கட் டின்கள் நிறைய உண்டு. தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போது எதையும் எறிய வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்கிறேன்.